ஷானிக்குத் தகுந்த வீடு

பன்ட்கிளாஸ் பண்ணைக்கு நாய்க்குட்டி வாங்கப் போவதும் பெண் கேட்டுப் போவதும் ஒன்றுதான் என்று பெம்ப்ரோக்‌ஷயரின் அந்தப் பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்கள். பெண்ணையாவது கடைசியில் கொடுத்துவிடுவார்கள். அங்கே நாய் வளர்க்கும் டெக்வென் குட்டியைக் கொடுப்பாளா மாட்டாளா என்பது அவள் அடுக்களை மேசையில் வைத்த தேநீர் ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

வருகிறவர்கள் பெரும்பாலும் வெளியூர்க்காரர்கள். அரண்மனைப் படங்களில் ராணியோடு நிற்கும் கோர்கி நாய்களைப் பார்த்து ஆசைப்பட்டு வருவார்கள். குட்டைக் காலும் நரி மூஞ்சியும் பெரிய காதும் பார்த்ததும் “ஐயோ, பொம்மை மாதிரி இருக்கே!” என்பார்கள். அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்தால் பாதித் தேர்வு போயிற்று. கோர்கி பொம்மை இல்லை, மாடு ஓட்டும் நாய். ஆடு ஓட்டும் நாய் கண்ணாலேயே மிரட்டும். கோர்கிக்கு அந்த நாசூக்கெல்லாம் தெரியாது, பின்னால் போய்க் குதிகாலைக் கடிக்கும். மாடு உதைத்தால் தரையோடு தரையாகப் படுத்துக்கொள்ளும், குளம்பு தலைக்கு மேலே போகும், எழுந்து மறுபடியும் கடிக்கும். கால் அவ்வளவு குட்டையாக இருப்பது அதற்குத்தானே தவிர, கம்பளத்தில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ள இல்லை. மாடு இல்லாத வீட்டில் அது சும்மா இருக்குமா? வீட்டில் நடமாடுகிறவர்களையே மாடுகளாக நினைத்துக்கொள்ளும்.

அதனால் டெக்வென் வந்தவர்களை முதலில் மேசைக்கு எதிரே உட்கார வைத்து, கல்லில் சுட்ட திராட்சை ரொட்டியைத் தட்டில் வைத்து, தாய்நாயை மேசைக்கடியில் விட்டுவிடுவாள். நாய் வந்தவரின் குதிகாலை மோந்து பார்த்து மெதுவாக ஒரு கவ்வு கவ்வும். அலறிக் காலை இழுத்துக்கொள்கிறவர்களுக்கு ரொட்டி மட்டும்தான். உதைக்கப் போனவர்களுக்கு ரொட்டியும் கிடையாது. அதிலும் தப்பியவர்களிடம் கேள்விகள் தொடங்கும்.

“வீட்ல தரை என்ன தரை?” என்று கார்டிஃபிலிருந்து வந்த பல் வைத்தியரை ஒருமுறை கேட்டாள்.

“வெள்ளைக் கம்பளம்ங்க.”

“இதுக்கு முடி கொட்டும்.”

“எந்தக் காலத்துல கொட்டும்?”

“உசுரோட இருக்கற காலத்துல.”

பல் வைத்தியர் வெறுங்கையோடு போனார். ஸ்வான்சியிலிருந்து ஒரு வங்கிப் பெண் வந்தாள். மாடி வீடு, தனியாள், காலையில் போனால் மாலையில் வருவாள். குதிகாலில் நாய் கவ்வியபோது அவள் அசையக்கூட இல்லை, ஆனாலும் டெக்வென் விடவில்லை.

“பகல் முழுக்க அது என்ன பண்ணும்? செவுத்தைப் பாத்துக்கிட்டு இருக்குமா? இவ்வளவு நீள முதுகை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறினா ரெண்டு வருஷத்துல பின்கால் இழுத்துக்கும். நீங்க ஒரு பூனை வாங்கிக்கோங்க.”

அந்தப் பெண் அழுதுவிட்டாள். “வீட்டுக்குப் போனா எனக்குப் பேச ஆளில்லைங்க” என்றாள்.

“அப்ப உங்களுக்கு வேண்டியது ஆளு. நாயில்ல.”

இந்தக் கதையை டெக்வென் ஆராதனை முடிந்து பெண்கள் கூடித் தேநீர் குடிக்கும்போது பலமுறை சொல்லியிருக்கிறாள். எல்லாரும் சிரிப்பார்கள், அவள்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பாள்.

அவள் திமிர் பிடித்தவள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. அந்தப் பண்ணையில் அவள் ‘முடியாது’ என்று சொல்லக்கூடிய விஷயம் நாய்க்குட்டி ஒன்றுதான். பள்ளிக்கூடத்தை விட்ட வருஷத்திலிருந்து காலையும் மாலையும் பால் கறந்தவள் அவள். விவசாயக் கல்லூரிக்குப் போனவன் தம்பி கெத்தின். தீவன லாரி ஓட்டிவந்த ஒருவன் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டபோது, “கறவைக்கு யாரு இருக்கா?” என்று அம்மா ஒரே கேள்வியில் அதை முடித்துவிட்டாள். இந்த ஊர்ப் பண்ணைக் குடும்பங்கள் மகனுக்கு நிலத்தைக் கொடுக்கும், மகளுக்கு நல்ல பெயரைக் கொடுக்கும். நல்ல பெயருக்குக் கூரை கிடையாது.

அப்பா எழுதிவைத்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். பண்ணை கெத்தினுக்கு, அம்மா உயிரோடு இருக்கும்வரை டெக்வெனுக்குப் பெரிய வீட்டில் இடம். அம்மா கடைசி நான்கு வருஷம் படுக்கையில் கிடந்தாள். அவளைத் தூக்கவும் துடைக்கவுமே பொழுது போதாமல் டெக்வென் குட்டி போடவைப்பதை நிறுத்தினாள், இருந்த நாய்களைத் தகுந்த வீடு பார்த்துக் கொடுத்தாள். ஷானியை மட்டும் வைத்துக்கொண்டாள். கடைசி ஈற்றில் பிறந்தவள், செம்பட்டை நிறம், கழுத்தில் வெள்ளை. இரவில் அம்மாவின் அறைக்கு வெளியே டெக்வெனின் செருப்பின் மேல் தலைவைத்துப் படுத்துக்கொள்வாள். விடிந்தால் கெத்தினோடு மாடுகளை ஓட்டிவரப் போய்விடுவாள்.

பிப்ரவரியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். தெரிந்தே இருந்த இடிதான். விழும்போது அது இடியாகத்தான் விழுந்தது.

யாரும் “போ” என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற மனிதர்கள் இல்லை அவர்கள். “அவசரமே இல்ல டெக், ஈஸ்டர் வரைக்கும் நிதானமா பாரு” என்றான் கெத்தின். இத்தனை வருஷம் அவனும் மனைவி லௌரியும் முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த சின்ன வீட்டில் குடியிருந்தார்கள். அந்தச் சின்ன வீட்டையாவது கொடுத்திருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். கோடை விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு அது ஏற்கெனவே பதிவாகிவிட்டதாம்.

டெக்வென் கார்டிகன் ஊரில் முதியோர் இல்லம் ஒன்றின் சலவை அறையில் வேலை தேடிக்கொண்டாள். மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் விற்கும் கடையின் மேலே, இரண்டு மாடி ஏறினால் ஓர் அறை கிடைத்தது. பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் லௌரி அளவு நாடாவோடு வந்தாள். ஜன்னலை அளந்தாள், நாடாவைச் சுருட்டினாள், தயங்கினாள்.

“டெக், ஷானியை இங்கயே விட்டுட்டுப் போயிடுங்களேன்.”

டெக்வென் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பினாள். “என்ன சொன்ன?”

“இல்ல, அந்த மாடியில அவளுக்குக் கஷ்டம். இங்க முற்றம் இருக்கு, மாடு இருக்கு. கெத்தினுக்கும் அவ இல்லாம கை ஒடிஞ்ச மாதிரி இருக்கும்.”

“வீடு வந்தாச்சு. ஜன்னலுக்குத் துணி அளந்தாச்சு. அம்மாவோட பாத்திர அலமாரியை எந்தச் செவுத்துக்கு நகர்த்தணும்னுகூட நேத்து நீ பாத்துக்கிட்டிருந்த, நான் பாக்கலன்னு நினைச்சியா? நாயையாவது விட்டு வை தாயே.”

லௌரியின் முகம் சிவந்தது. “நான் எதையும் எடுக்கல. உங்க அப்பா எழுதினது.”

“எழுதினாரு. நாயைப் பத்தி எழுதல.”

வேறு ஒருத்தியாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு போயிருப்பாள். லௌரி போகவில்லை. நாற்காலியை இழுத்து, நாய் வாங்க வருகிறவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தாள்.

“சரி. ஊரையே உக்காத்தி வச்சுக் கேப்பீங்கல்ல? என்னையும் கேளுங்க.”

டெக்வென் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். எந்த இடத்தில் இவளை மடக்கலாம் என்பது தவிர அவள் மனதில் வேறொன்றும் இல்லை.

“பகல்ல வீட்ல யாரு இருப்பா?”

“நான்தான். எனக்கு எங்க போக்கிடம்?”

“முடி கொட்டும்.”

“சாணியையே வாரிக் கொட்டறேன். முடி என்ன பெரிய முடி?”

“குரைக்கும். ஓயாது.”

“யாருக்குக் கேக்கப் போகுது, மாட்டுக்கா?”

“நீ தின்னும்போது பல்லை இளிச்சுக்கிட்டு வந்து நிக்கும். பாவம்னு ஒரு துண்டு போட்டா பன்னி மாதிரி ஊதிடும், முதுகு போயிடும்.”

“கெத்தினுக்கே ரெண்டாவது தடவை நான் போடறதில்ல. நாய்க்குப் போடுவேனா?”

இதற்குள் ஷானி மேசைக்கடியில் போய் லௌரியின் குதிகாலைக் கவ்வியிருந்தாள். லௌரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. கையை மட்டும் கீழே விட்டு, மூக்கை ஒரு தள்ளு தள்ளி, அப்படியே காதடியைச் சொறிந்துவிட்டாள். இருபது வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களில் யாரும் இதை இவ்வளவு சரியாகச் செய்ததில்லை. டெக்வெனுக்கு வயிறெரிந்தது. ஒரு குறை, ஒரே ஒரு குறை கிடைத்திருந்தால் இவளை மன்னித்துவிடலாம் போலிருந்தது.

“உனக்கில்ல” என்றாள்.

“ஏன்?”

“உனக்கில்லன்னா இல்ல. போய் ஜன்னலை அள.”

தகுதியில்லாதவர்களுக்கெல்லாம் காரணம் சொல்லி அனுப்பியவள், தகுதியுள்ள ஒருத்தியைக் காரணமில்லாமல் அனுப்பினாள். அடுத்த வாரம் ஷானியைக் கூட்டிக்கொண்டு கார்டிகனுக்குப் போனாள்.

கடைக்காரர் டில்வின்தான் வீட்டுக்காரரும். நல்ல மனிதர், எண்ணெய் வாசனையும் சிரிப்புமாக இருப்பார். “கோர்கியா? சின்ன நாய்தானே. குரைக்காதுல்ல?” என்றார்.

“குரைக்காது” என்றாள் டெக்வென். அவளிடம் இப்படிப் புளுகிய எத்தனை பேரை அவள் கண்ணைப் பார்த்தே பிடித்திருக்கிறாள்! டில்வினுக்கு அந்த வித்தை தெரியவில்லை.

மாடிப்படியில் நாயை நடக்கவிடாமல் காலையும் மாலையும் தூக்கிக்கொண்டு ஏறினாள். ஷானி பார்க்கத்தான் சின்னவள், தூக்கினால் ஈர வைக்கோல் கட்டு. பகல் முழுக்க முதியோர் இல்லத்துப் போர்வைகளை மடித்த கை, மாலையில் நாயைத் தூக்கி இரண்டு மாடி ஏறும்போது நடுங்கும். அறைக்குள் விட்டதும் ஷானி அவளைச் சுற்றிச் சுற்றி வந்து, குதிகாலை இடித்து இடித்து, ஜன்னலோர மூலைக்கு ஓட்டிக்கொண்டு போவாள். இருப்பது ஒரு மாடு, அதையாவது ஒழுங்காகக் கட்டவேண்டும் என்பதுபோல். முதல் சில நாட்கள் டெக்வெனுக்கு அது சிரிப்பாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை கழுத்துவார் நழுவிவிட்டது. கடைவாசலில் வரிசை தெருவரை நின்றிருந்தது. ஷானிக்கு அதைவிட என்ன வேண்டும்? ஒவ்வொருவர் குதிகாலாகத் தட்டி, கிழவர், குமரி, தள்ளுவண்டியோடு நின்ற தாய் என்று ஒருவரையும் விடாமல் மொத்த வரிசையையும் தபால் பெட்டி மூலையில் கொண்டுபோய் நெருக்கி நிறுத்திவிட்டாள். பாதிப் பேர் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஒருவருக்குக் காற்சட்டை கிழிந்திருந்தது, அவர் சிரிக்கவில்லை.

“அம்மா, கூட்டம் சேக்கறது நல்ல விஷயம்தான்” என்றார் டில்வின். “கடைக்குள்ள சேக்கச் சொல்லுங்க.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “குரைக்காதுன்னீங்க. சாயங்காலம் ஆரம்பிச்சா நீங்க வர்ற வரைக்கும் ஓயறதில்ல. அழற மாதிரி குரைக்குது. என் பொண்டாட்டி காதுல பஞ்சு வச்சுக்கிட்டுதான் உருளைக்கிழங்கு சீவறா.”

சாயங்காலம் என்றால் எப்போது என்று டெக்வென் கேட்கவில்லை. கறவை நேரம் அவளுக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் பன்ட்கிளாஸில் மாடுகள் வாயிலில் வந்து நின்று கத்தும். இங்கே ஷானி பூட்டிய கதவின் முன்னால் நின்று கத்தினாள்.

மே மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது குரைப்பு கேட்கவில்லை. கதவைத் திறந்தால் ஷானி எழுந்திருக்கவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல் விளிம்புக்குத் தாவியிருக்கிறாள், திரைச்சீலை கம்பியோடு கீழே கிடந்தது. ஒரு பின்கால் இழுத்தது. டெக்வென் அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் ஓடினாள். பன்ட்கிளாஸ் குட்டிகளுக்கெல்லாம் ஊசி போட்டவர் அவர். முதுகைத் தடவித் தடவிப் பார்த்தார்.

“எலும்பு போகல. தசைதான். இந்தத் தடவை தப்பிச்சா.” மாத்திரையை உறையில் போட்டபடி கேட்டார், “மாடியிலயா இருக்கீங்க?”

“ஆமா.”

“நான் சொல்லியா உங்களுக்குத் தெரியணும்? இப்படி ஒரு வீட்டுக்கு நீங்க குட்டி குடுப்பீங்களா?”

அவர் குத்தலாகக் கேட்கவில்லை, பழகிய உரிமையில் கேட்டார். டெக்வென் ஷானியை மறுபடியும் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டாள்.

அன்று தரையிலேயே நாயின் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். கீழே எண்ணெய் கொதிக்கும் சத்தம் வந்துகொண்டிருந்தது. டில்வின் வெளியே போகச் சொல்லவில்லை, மாத்திரை இருக்கிறது, கால் சரியாகிவிடும். வைத்துக்கொள்ள நினைத்தால் வைத்துக்கொள்ளலாம், கேட்க நாதியில்லை. இப்படியே இன்னும் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, முதுகு முறியும்வரை. ஷானி அவள் முழங்கையில் மோவாயை வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்வான்சிக்காரியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. அந்த மேசையில் டெக்வென் எத்தனையோ கேட்டிருக்கிறாள், தரையைக் கேட்டாள், படியைக் கேட்டாள், பகலைக் கேட்டாள். நாய் இல்லாமல் போனால் நீ எப்படி இருப்பாய் என்று ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் மாறியிருக்காது, அதுதான் கொடுமை. அவள் அன்று சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி. இன்றைக்கும் சரி. சரியாக இருந்ததற்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. லௌரியை அவள் மனமார வெறுத்தாள். லௌரிதான் தகுந்தவள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

விடிந்ததும் கெத்தினின் கைபேசிக்கு அழைத்து, “வந்து கூட்டிட்டுப் போ” என்றாள். யாரை என்று அவன் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்தான். டெக்வென் நாயை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள்.

“நல்ல முடிவு டெக்” என்றான், ஊரைத் தாண்டியதும்.

“வாயை மூடிக்கிட்டு ஓட்டுடா.”

கொஞ்ச தூரம் ஓட்டினான். “சின்ன வீடு... அடுத்த வருஷம் பதிவு எதுவும் வரலன்னா லௌரிகிட்ட ஒரு வார்த்தை—”

“ஓட்டுடான்னா.”

அவன் ஓட்டினான். கல்லூரிக்குப் போகிறேன் என்று வந்து நின்றபோது அவன் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொடுத்தவள் அவள்தான். அவன் தலையில் இப்போது வழுக்கை விழுந்திருந்தது. அவனைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது, ஒரு குத்து விடலாம் போலவும் இருந்தது.

பன்ட்கிளாஸ் திருப்பத்திலேயே ஷானிக்கு உடம்பு விறைத்தது. முற்றத்தில் வண்டி நின்றதும் டெக்வென் அவளைக் குதிக்கவிடாமல் கையில் ஏந்தி இறக்கினாள். தரை பட்டதுதான் தாமதம், காலைச் சற்றே சாய்த்துக்கொண்டு, வாயிற்கதவின் கம்பிக்கடியில் புகுந்து, மாடுகளின் பக்கம் போய்விட்டாள். ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள் என்று டெக்வென் நின்றுகொண்டிருந்தாள். மாடுகள் நகரத் தொடங்கும் சத்தம் கேட்டது.

லௌரி தேநீர் வைத்தாள். பாத்திர அலமாரி வேறு சுவருக்குப் போயிருந்தது, கோப்பைகள் புதியவை. டெக்வென் உட்கார்ந்து சொல்லவேண்டியதையெல்லாம் சொன்னாள். மாத்திரையை வெண்ணெயில் வைத்துக் கொடுக்கவேண்டும், ஒரு வாரம் ஓடவிடக்கூடாது, இப்போதே கெத்தினைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல், இரவில் ஈரத் தரையில் படுக்கவிடாதே. லௌரி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். ஜன்னல் வழியாகக் கெத்தினைக் கூப்பிட்டு நாயைப் பிடித்துக் கட்டச் சொன்னாள்.

“பின்கதவு ஏறிக் குதிக்கற உயரம்” என்றாள் டெக்வென். “அந்த ரெண்டு படி அவ முதுகுக்கு ஆகாது.”

“பாத்தீங்களா?” என்றாள் லௌரி.

டெக்வென் எழுந்துபோய்ப் பார்த்தாள். பழைய பலகைகளை ஆணியடித்து, வழுக்காமல் இருக்க மேலே கோணியை விரித்து அடித்து, படியின் மேல் சாய்வாக ஒரு பாதை போட்டிருந்தாள். டெக்வென் காலால் அழுத்திப் பார்த்தாள். ஆடவில்லை.

“கெத்தின் போட்டானா?”

“அவரு எங்க போட்டாரு? நான்தான். நீங்க போன் பண்ணின அன்னிக்கே.”

நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கவேண்டும். டெக்வெனால் முடியவில்லை. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கெத்தின் வெளியே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். லௌரி வாசல்வரை கூட வந்தாள், அவள் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை.

“எப்ப தோணினாலும் வந்து அவளைப் பாருங்க டெக். வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் போட்டுடுங்க.”

“சரி.”

“வீட்டு நம்பர் இருக்குல்ல உங்ககிட்ட?”

கூடத்துச் சுவரில் இருந்த அந்தத் தொலைபேசி எட்டாமல், முக்காலி போட்டு ஏறி நின்று பேசிய வயதிலிருந்து டெக்வெனுக்கு அந்த எண் தெரியும். அவள் கோட்டின் பொத்தானை மேலே வரை போட்டுக்கொண்டாள்.

“இருக்கு” என்றாள்.